விளையாட்டில் நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல் இருபொருள் தருவது. கையில் புழங்கும் காசையும் அது குறிக்கும். வாக்குத் தவறாத நேர்மையையும் குறிக்கும். ஒருவரை நாணயமான மனிதர் என்று சொன்னால், அவர் காசு வைத்திருப்பவர் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடியது தற்செயலா, அன்றிக் காசைக் கையாளும் முறையிலேதான் மனிதனின் நேர்மை வெளிப்படும் என்று முன்னோர் கண்டதன் பயனா என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். கைப்பேசி விளையாட்டுகளில் இன்று புழங்கும் புதுவகை நாணயத்தைக் குறித்துச் சிந்திப்பவர்க்கு இந்த இருபொருள் பெரிதும் துணைசெய்யும்.

கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டுகளில் மிகப் பல விலையின்றிக் கிடைப்பவை. ஆயினும் அவற்றின் உள்ளே ஒரு கடை இருக்கும். அக்கடையில் ரிங்கிட்டோ வெள்ளியோ நேரே செல்லாது. பொற்கட்டி, மணிக்கல், வைரம், காசு என அந்தந்த விளையாட்டுக்கே உரிய செலாவணி ஒன்று உண்டு. அதனைப் பெறும் வழி இரண்டு. மெய்ப்பணம் கொடுத்து வாங்குவது ஒன்று. நாள்தோறும் தவறாமல் வந்து போதல், விளம்பரம் பார்த்தல், ஏவிய பணிகளை முடித்தல், காத்திருத்தல், நண்பரை அழைத்து வருதல் முதலியவற்றால் ஈட்டுவது மற்றொன்று. கையில் காசில்லாத சிறுவர் இரண்டாம் வழியையே நாடுவர்; காசிருந்தும் செலவிட மனமில்லாத பெரியோரும் அவ்வாறே. பிள்ளை பணம் கேட்காதவரையில் பெற்றோருக்கும் மனக்குறை இல்லை. "ஒரு காசுகூடச் செலவில்லையே" என்பது வீடுதோறும் கேட்கும் சமாதானம்.

இச்சமாதானம் எவ்வளவு தூரம் செல்லும்? பணம் கொடாமல் பெற்ற ஒன்று விலை கொடாமல் பெற்றதாகுமா? அதனை ஈட்டும் முயற்சியை விளையாட்டு என்பதா, உழைப்பு என்பதா? அம்முயற்சியில் செய்யத்தக்கது எது, தகாதது எது? சிறுவர் கையிலுள்ள சிறிய பொருளைப் பற்றிய கேள்விகளாயினும் இவை சிறிய கேள்விகள் அல்ல.

எடுத்துக்காட்டாகப் போக்கிமான் கோ என்னும் விளையாட்டை நோக்கலாம். 2016 ஆகஸ்டு 6ஆம் நாள் அது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியாயிற்று. அடுத்த சில வாரங்கள் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் கைப்பேசியை ஏந்தியவண்ணம் கூட்டங்கூட்டமாக நடந்தோரை இவ்விரு நாட்டினரும் மறந்திருக்கமாட்டார்கள். மெய்யான தெருக்களில் நடந்து, திரையில் தோன்றும் கற்பனை உயிர்களைப் பிடிப்பதே ஆட்டம். சிலை, பூங்கா, நினைவுச் சின்னம் போன்ற பொது இடங்கள் சில அதில் 'ஜிம்' எனப்படும் களங்களாகும். ஒருவர் தாம் பிடித்த உயிரை அக்களத்தில் காவல் நிறுத்தலாம். மாற்றணியினர் வந்து வீழ்த்தும்வரை அது அங்கே நிற்கும். 2017 ஜூனில் வந்த விதிப்படி, காவல் நின்ற ஒவ்வொரு 10 நிமிடத்திற்கும் 1 காசு. ஒரு நாளில் 50 காசுக்கு மேல் இல்லை. 50 காசு பெற 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம் காவல் நிற்க வேண்டும். ஓர் ஆளின் ஒரு நாள் வேலை நேரத்தை ஒட்டியே இக்கணக்கு அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. கடையில் 100 காசின் விலை அமெரிக்கப் பணத்தில் 99 சென்ட்டாக இருந்தது. ஆகவே முழு நாட்காவலின் கூலி ஏறத்தாழ அரை டாலர்.

காவல் நிற்பது கற்பனை உயிர்தானே, சிறுவன் நிற்கவில்லையே என்பர். உண்மைதான். சிறுவன் செய்வது களம் வரை நடந்து சென்று திரும்புவதே. அந்த நடையால் அவன் காலுக்கு வலிமை வரும். தான் வாழும் ஊரின் மூலை முடுக்கும் அவனுக்குத் தெரியவரும். இவ்வளவில் இவ்வீட்டம் குறைகூறத் தக்கதன்று. பொருட்களை வைக்கும் பையைப் பெரிதாக்க 200 காசு வேண்டும். நாளொன்றுக்கு 50 வீதம் நான்கு நாள் சேர்த்து அதனை வாங்கிய சிறுவனுக்கு 200 என்னும் எண்ணின் பருமன் தெரியும். தந்தையின் கடன் அட்டையை எடுத்து ஒரு தொடுதலில் வாங்கிய சிறுவனுக்கு அது தெரியாது. பெற்றோர் அறியாமல் பிள்ளைகள் இவ்வாறு வாங்கிக் குவித்த கதை உலகெங்கும் உண்டு. 2014ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அத்தகைய பெற்றோருக்குக் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. அதனோடு வைத்து நோக்கினால், நான்கு நாள் பொறுத்துச் சேர்த்த சிறுவன் பாராட்டத்தக்கவனே.

ஆனால் அவ்விளையாட்டின் காசு விதியில் ஒரு புதுமை உண்டு. காவல் நிற்கும்போது கூலி வருவதில்லை. நிற்கும் உயிர் தோற்று வீடு திரும்பும்போதே அது தன் கூலியைக் கொண்டுவரும். எவரும் வந்து தோற்கடிக்காத களத்தில் பத்து நாள் நின்றாலும், திரும்பும் நாளில் கிடைப்பது 50 காசே. எஞ்சிய காவல் வீண். ஆதலால் வெற்றியோடு நிலைத்து நிற்பவனுக்கு வருவாய் இல்லை; காலமறிந்து தோற்பவனுக்கே வருவாய். விதி இவ்வாறு அமையவே ஆட்டக்காரர் மனமும் அதற்கேற்பத் திரிந்தது. மாற்றணியைச் சேர்ந்தவர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு, காலையில் உன் உயிரை நான் வீழ்த்துகிறேன், மாலையில் என் உயிரை நீ வீழ்த்து என்று முறைவைத்து ஆடும் வழக்கம் தோன்றிற்று. எதிரிகள் கூட்டாளிகள் ஆயினர்.

இது தகுமா? இருவரும் மெய்யாகவே நடந்து வருகின்றனர், மெய்யாகவே ஆடுகின்றனர், பொய்யுரை எவரிடத்தும் இல்லை, மூன்றாமவர்க்கு இழப்பும் இல்லை. ஆகவே இதனை வஞ்சகம் என்று ஒதுக்குதற்கில்லை. ஆயினும் ஒன்று கைநழுவிப் போயிற்று. வெல்ல வேண்டும் என்ற துடிப்பு போய், வீழ்த்தப்பட வேண்டும் என்ற கணக்கு அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. காசுக்காக ஆடத் தொடங்கிய ஆட்டத்தில் முதலில் தேய்வது ஆட்டமே.

வீட்டிலிருந்தபடியே, தான் வேறு தெருவில் நிற்பதாகக் கைப்பேசிக்குப் பொய்யிடம் காட்டி ஆடுவோரும் உண்டு. ஒருவரே இரு பெயரில் இரு கணக்கு வைத்துத் தம் உயிரைத் தாமே வீழ்த்திக் காசு பெறுவோரும் உண்டு. இவர்களும் மெய்ப்பணம் செலவிடாதவர்களே. நிறுவனத்தின் விதிகள் இவ்விரண்டையும் தடைசெய்தன. இவர்கள் செய்வது நிறுவனத்திற்கு எதிரான குற்றம் மட்டுமே என்று பலர் எண்ணி, பணம் படைத்த நிறுவனத்தை ஏய்த்தால் என்ன என்று கேட்கின்றனர். ஏய்க்கப்படுபவர் யார் என்று சற்று நின்று பார்க்க வேண்டும். மழையில் நனைந்து அரைக்கல் தொலைவு நடந்து வந்து தன் உயிரை நிறுத்திய ஒரு சிறுவனை, படுக்கையில் சாய்ந்திருக்கும் ஒருவர் வெளியேற்றிவிடுகிறார். கோடீசுவர நிறுவனத்திற்கு அதனால் ஒரு குறைவும் இல்லை. இழந்தவன் மழையில் வந்த சிறுவன். சொல்லின் இரண்டாம் பொருளில் நாணயம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

இனி எதிராளியே இல்லாத ஆட்டத்தில் இச்சோதனை எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காணலாம். இது சற்றுக் கடினமானது. கேண்டி கிரஷ் என்னும் மிட்டாய் அடுக்கும் விளையாட்டு 2012 ஏப்ரலில் பேஸ்புக்கிலும், அவ்வாண்டு நவம்பரில் கைப்பேசியிலும் வந்தது. ஆடுவோர்க்கு அதில் ஐந்து உயிர் உண்டு. தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் மீள 30 நிமிடம் ஆகும். ஐந்தும் போய்விட்டால் அவை முழுதும் மீள இரண்டரை மணி நேரம். காத்திருக்க விரும்பாதவர் நண்பரிடம் உயிர் இரந்து பெறலாம். பொற்கட்டி கொடுத்து வாங்கலாம். மூன்றாவதாக ஒரு வழியைப் பிள்ளைகள் கண்டுகொண்டனர். கைப்பேசியின் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தால், காலம் கடந்துவிட்டதென விளையாட்டு நம்பி உயிர்களை வழங்கிவிடும். இவ்வுத்தி நெடுங்காலம் பலித்தது. (கடிகாரத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவன், மறுநாள் வாயிற்கதவு திறக்குமுன்னே பள்ளியில் வந்து நிற்க நேரும். ஒருவகையில் அது போதிய தண்டனையே.)

இங்கே எதிராளி இல்லை. எவருடைய வெற்றியும் பறிபோகவில்லை. சிறுவன் செய்தது பொய்யா? கனடாவில் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட வெட்டுக்கிளி என்னும் நூலில் விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். வேண்டாத தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வது விளையாட்டு என்பது அவர் கருத்தின் சாரம். பந்தைக் கையால் எடுத்துச் சென்று வலைக்குள் போடுவது எளிது. காற்பந்து ஆடுபவன் அந்த எளிமையைத் தானே மறுத்துக்கொள்கிறான். அம்மறுப்பில்தான் ஆட்டம் பிறக்கிறது. இவ்விலக்கணத்தைக் கையில் கொண்டு கேண்டி கிரஷை நோக்கினால் இருவேறு தடைகள் புலப்படும். மிட்டாய்களை மூன்று மூன்றாக இணைக்க வேண்டும் என்பது ஒரு தடை. அது ஆட்டத்தின் விதி. முப்பது நிமிடம் காத்திரு என்பது மற்றொரு தடை. இதனைப் பொற்கட்டி கொடுத்தால் நீக்கிக்கொள்ளலாம். விலை கொடுத்து நீக்கிக்கொள்ளத்தக்க தடை ஆட்டத்தின் விதியாகாது. அது கடையின் விலைப்பட்டியல். சதுரங்கத்தில் யானையைக் குறுக்கே நகர்த்த உரிமம் விற்பார் இல்லை. விற்றால் அது சதுரங்கமாய் இராது.

ஆகவே கடிகாரத்தைத் தள்ளிவைத்த சிறுவன் விளையாட்டில் பொய்த்தான் என்பதைவிடக் கடைக்காரனிடம் பொய்த்தான் என்பது பொருந்தும். கடைக்காரன் அவன் பொறுமையின்மையைக் கணக்கிட்டு வலை விரித்தான். சிறுவன் அவ்வலையை அறுத்துக்கொண்டான். இருவரும் ஒருவரையொருவர் ஏய்த்தனர் என்று சொல்லி இதனை விட்டுவிடலாமா? முழுதும் விட்டுவிட இயலாது. பொய்க்கு ஆளானவர் சிறுமதியர் என்பதால் பொய் மெய்யாகிவிடாது. எனினும் மழையில் வந்த சிறுவனை வெளியேற்றிய குற்றத்தோடு இதனை ஒரே தராசில் இடுவது நீதியன்று. பிள்ளைகளின் தவறுகளை அளக்கும்போது ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. விதியை மீறினாயா என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அதனால் யார் இழந்தார் என்று கேட்டால்தான் தரம் பிரியும்.

கடிகாரத்தைத் தொடாமல் காத்திருப்பவன் நிலை என்ன? பொறுமை நற்குணம் என்பதில் ஐயமில்லை. அரைமணி நேரம் அதனை மறந்து வேறு வேலை பார்த்து, நினைவு வந்தபோது திரும்பி வருபவன் உண்மையிலேயே ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருப்பவன் விலையைக் கொடுத்துவிட்டான். பாடப்புத்தகம் கண்முன் விரிந்திருந்த அந்த அரைமணி நேரம் முழுதும் அவனுடையதாக இல்லை.

விளம்பரம் பார்த்துக் காசு பெறுதலில் இது இன்னும் வெளிப்படை. அரை நிமிடம் விளம்பரம் ஓடும்; முடிந்ததும் சில காசு கிடைக்கும். அவ்வரை நிமிடத்திற்கு விளம்பரம் செய்தவர் நிறுவனத்திற்கு மெய்ப்பணம் தருகிறார். பிள்ளையின் கண் அங்கே விற்பனையாகிறது. விற்ற தொகையில் பிள்ளைக்குக் கிடைப்பது அந்நிறுவனமே அச்சடித்த காசு. இந்த ஏற்பாட்டைக் கேட்டவுடன் தோட்டத்து வரலாறு அறிந்த தமிழர்க்கு வேறொன்று நினைவுக்கு வருதல் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தொழிலில், தோட்ட முதலாளிகளும் வணிக நிறுவனங்களும் தம் பெயர் பொறித்த வில்லைகளைத் தொழிலாளர்க்குக் கூலியாக வழங்கியதுண்டு. வெளியிட்டவர் மதிக்கும் இடத்தில் மட்டுமே அதற்கு மதிப்பு. இத்தகைய கூலிமுறையின் கேட்டை உணர்ந்தே பிரிட்டன் 1831இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், பெற்ற கூலியை எந்த இடத்தில், எவ்வாறு, யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பது செல்லாது என்று தனிப்பிரிவே வகுத்தது. உழைப்பின் பயனை உழைத்தவன் தன் விருப்பப்படி செலவிட இயலாவிடில் அது முழுக்கூலி ஆகாது என்பதே அதன் உட்கிடை.

இவ்வொப்புமையை அளவுக்கு மேல் இழுப்பது முன்னோர் பட்ட துன்பத்தை இழிவுபடுத்துவதாகும். தோட்டத்துத் தொழிலாளிக்குப் போக்கிடம் இல்லை. வில்லையை மறுத்தால் அடுப்பு எரியாது. கைப்பேசிச் சிறுவனுக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆனால் வெளியிட்டவன் சொன்னால் மதிப்புண்டு, இல்லையென்றால் இல்லை என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றே. 2019 ஜூலையில் நிண்டெண்டோ வெளியிட்ட டாக்டர் மாரியோ வேர்ல்டு என்னும் கைப்பேசி விளையாட்டில் வைரம் செலாவணியாக இருந்தது. 2021 ஜூலையில் வைர விற்பனையை நிறுத்தினர். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் விளையாட்டையே மூடினர். பணம் கொடுத்து வாங்கிய வைரமும், பணம் கொடாமல் சேர்த்த வைரமும் அன்று ஒரே விலை பெற்றன.

சேர்த்த காசு எதில் செலவாகிறது என்பதும் எண்ணத்தக்கது. பல விளையாட்டுகளில் அது போய்ச் சேருமிடம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத அதிர்ட்டப் பெட்டி. நாட்கணக்கில் பொறுமையால் ஈட்டியது நொடியில் குருட்டு வாய்ப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. 2012இல் ஜப்பான் இதில் ஒரு வகையைச் சட்டத்திற்குப் புறம்பானதெனக் கூறியது. 2018இல் பெல்ஜியம் பணத்திற்கு விற்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. திருக்குறளின் சூது அதிகாரம் தோல்வியைச் சொல்லி அச்சுறுத்தித் தொடங்கவில்லை, வெற்றியைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குகிறது என்பதை மாணவர் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நன்று.

மற்றொரு குற்றச்சாட்டும் உண்டு. பணம் செலவிடுவோர் மிகச் சிலர். அவர்கள் தரும் பணத்தில்தான் விளையாட்டு நடக்கிறது. ஆகவே பணம் கொடாமல் ஆடுவோர் பிறர் இலையில் உண்பவர் என்பர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. அழைத்தவனே விலையில்லை என்று சொல்லி அழைத்தான். ஆளில்லாக் களத்தில் பணம் கொடுத்தவனுக்கும் ஆட்டம் இல்லை. பணம் கொடாதோர் கூட்டமாய் நின்று அக்களத்தை நிரப்புகின்றனர். அவர்கள் உண்டது இரந்த சோறன்று.

ஆசிரியர்க்கு இவற்றினும் நெருக்கமான கேள்வி எஞ்சியிருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்து மூன்று குழுவாகப் பிரித்தனர். வரைந்தால் நாடா கட்டிய நற்சான்றிதழ் தருவோம் என்று முதற்குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே தந்தனர். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல், வரைந்தபின் தந்தனர். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, எந்தப் பரிசும் பேசாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகளே மற்ற இரு குழுவினரிலும் குறைவாகப் பேனாவை எடுத்தனர். வரைவது முன்பு அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. இடையில் அது கூலிவேலை ஆயிற்று. கூலி நின்றதும் வேலையும் நின்றது. சொல்லாமல் தந்த பரிசு அக்கேட்டைச் செய்யவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. பரிசு தீதன்று, பரிசை முன்னே தொங்கவிட்டு நடத்திச் செல்வதில்தான் தீங்கு இருக்கிறது.

கைப்பேசி விளையாட்டு ஒரு பிள்ளையின் இயல்பான விளையாட்டு விருப்பத்தின்மீது செய்வது இதனையே. நாள்தோறும் வந்தால் காசு, ஏழாம் நாள் வந்தால் பெரும்பரிசு, ஒருநாள் தவறினால் மீண்டும் முதலிலிருந்து என்று ஏணி வைத்து ஏற்றுகிறது. ஆட விருப்பமில்லாத நாளிலும் பிள்ளை அதனைத் திறக்கிறான். காசைப் பெற்றுக்கொண்டு மூடிவிடுகிறான். அந்நாளில் அவன் விளையாடவே இல்லை. பணம் கொடாமல் ஈட்டும் முயற்சி எந்த இடத்தில் விளையாட்டு என்னும் எல்லையைக் கடந்து வேலையாகிறது என்று கேட்பவர்க்கு அந்த ஒரு நாளே விடை. காசு இல்லாவிடினும் இதனை இன்று திறந்திருப்பேனா என்று பிள்ளையே தன்னைக் கேட்டுப் பார்க்கலாம். வேறெவரும் அதற்கு விடை சொல்ல இயலாது.

இக்கேள்வியை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர், வகுப்பறைச் சுவரில் தாம் ஒட்டிவைத்திருக்கும் நட்சத்திர அட்டவணையையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்க்க நேரும். நாள்தவறாமல் வந்தவனுக்கு நட்சத்திரம். கையெழுத்துத் திருத்தமாயிருந்தால் நட்சத்திரம். படித்த நூல்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறித்துக் காட்டினால் சான்றிதழ். பத்துப் பக்கக் கதைநூல்களாகத் தேடி எடுத்து எண்ணிக்கையை உயர்த்திக்கொள்ளும் மாணவனும், ஒரே பெருங்கதையில் மூன்று வாரம் மூழ்கிக் கிடந்து பதிவேட்டில் ஒரே வரி எழுதிய மாணவியும் அவ்வட்டவணையில் எங்கே நிற்கின்றனர் என்பதை ஆசிரியர் அறிவர். புதிய நூல் ஒன்றைக் கையில் கொடுத்தவுடன், அட்டையைக்கூடத் திருப்பிப் பாராமல், "இதற்கு எத்தனை நட்சத்திரம், ஐயா?" என்று கேட்கும் பிள்ளை, அக்கேள்வியைக் கைப்பேசியிடம் மட்டுமே கற்றுக்கொண்டான் என்று சொல்லிவிட முடியாது.